ஆங்கில இலக்கணம், நிறுத்தக்குறிகள், எழுத்துப் பயிற்சி: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆங்கிலம் படிக்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதில்களில் தமிழ் இலக்கணமும் அடிக்கடி வரும். நமக்கு வரும் தடுமாற்றங்கள் பல, இரண்டு மொழிகளும் வழி பிரியும் இடத்தில்தான் வருகின்றன. அந்த இடம் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் எளிதில் பிடிபடும்.

பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எட்டு என்கிறார்கள். தமிழில் சொல் நான்கு வகைதானே?

இரண்டும் சரி. தமிழ் இலக்கணம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காக வகுத்தது. பழைய கிரேக்க இலக்கணம் தன் மொழிக்கு எட்டு வகை சொன்னது. அதை லத்தீன் எடுத்துக்கொண்டது, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. வருகிற வழியில் பட்டியலும் மாறியது. கிரேக்கப் பட்டியலில் ஆர்ட்டிகிள் (ஆங்கிலத்தின் ‘எ’, ‘ஆன்’, ‘தி’ போன்றது) ஒரு தனி வகை. லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது என்பதால் அதை எடுத்துவிட்டு இன்டர்ஜெக்‌ஷனைச் சேர்த்தார்கள். ஆகவே எட்டு என்ற எண்ணை மாறாத ஒன்றாக நினைக்க வேண்டாம்.

பள்ளியில் சொல்லித்தரும் எட்டு இவை: நவுன் என்பது பெயர்ச்சொல். அதற்குப் பதிலாக நிற்பது ப்ரோநவுன். வெர்ப் என்பது வினைச்சொல். பெயரை விளக்குவது அட்ஜெக்டிவ், வினையை விளக்குவது அட்வெர்ப். பெயருக்கு முன்னால் நின்று அதை வாக்கியத்தோடு சேர்ப்பது ப்ரெப்போசிஷன். சொற்களையும் வாக்கியங்களையும் இணைப்பது கன்ஜங்ஷன். ‘ஓ’, ‘ஆஹா’ போன்றவை இன்டர்ஜெக்‌ஷன்.

பட்டியலைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல் இடத்துக்குத் தகுந்தபடி வேலை மாறும். ‘ரவுண்ட்’ என்ற சொல்லைப் பாருங்கள். “எ ரவுண்ட் டேபிள்” என்னும்போது அது அட்ஜெக்டிவ். “தி செகண்ட் ரவுண்ட்” என்றால் நவுன். “ரவுண்ட் தி கார்னர்” என்றால் ப்ரெப்போசிஷன். “டர்ன் ரவுண்ட்” என்றால் அட்வெர்ப். “ரவுண்டட் தி கார்னர்” என்றால் வெர்ப். அதனால் ‘இந்தச் சொல் எந்த வகை?’ என்று தனியாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ‘இந்த வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது?’ என்று கேட்க வேண்டும்.

அட்ஜெக்டிவ், அட்வெர்ப் இரண்டையும் குழப்பிக்கொள்கிறேன். ஏதாவது வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் தமிழிலேயே இருக்கிறது. ‘ஆன’ என்று முடிந்தால் அட்ஜெக்டிவ், ‘ஆக’ என்று முடிந்தால் அட்வெர்ப். ‘மெதுவான ரயில்’ என்றால் ‘ஸ்லோ’. ‘ரயில் மெதுவாகச் சென்றது’ என்றால் ‘ஸ்லோலி’. ‘அவள் அழகாகப் பாடுகிறாள்’ என்று சொல்ல நினைத்து “ஷி ஸிங்ஸ் ப்யூட்டிஃபுல்” என்று எழுதியிருந்தால், ‘ஆக’ என்ற ஒலி உங்களைத் திருத்திவிடும்: “ஷி ஸிங்ஸ் ப்யூட்டிஃபுல்லி”.

ஆனால் இந்த வழி ஓர் இடத்தில் காலை வாரும். ‘அவள் சோகமாக இருக்கிறாள்’ என்பதில் ‘ஆக’ இருக்கிறது, ஆங்கிலத்திலோ “ஷி இஸ் ஸேட்” என்று அட்ஜெக்டிவ்தான் வரும். ஏனென்றால் சோகம் ‘இருக்கிறாள்’ என்ற வினையை விளக்கவில்லை, அவளை விளக்குகிறது. ‘இரு’ என்ற பொருள் தரும் வெர்ப், அப்புறம் ‘லுக்’, ‘ஃபீல்’, ‘ஸ்மெல்’, ‘ஸவுண்ட்’ போன்றவை நிலையைச் சொல்லும்போது இப்படித்தான். “தி ரூம் லுக்ஸ் ப்யூட்டிஃபுல்” என்பதே சரி.

சில சொற்களை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். ‘குட்’ என்பதன் அட்வெர்ப் ‘வெல்’. ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’ இரண்டு வேலைக்கும் மாறாமல் வரும். ‘ஹார்ட்லி’ வேறு பொருள்: “ஹி ஒர்க்ட் ஹார்ட்” என்றால் கடுமையாக உழைத்தான், “ஹி ஹார்ட்லி ஒர்க்ட்” என்றால் வேலையே செய்யவில்லை என்கிற அளவுக்குக் குறைவாகச் செய்தான். ‘ஃப்ரெண்ட்லி’ என்பது ‘லி’ என்று முடிந்தாலும் அட்ஜெக்டிவ்.

‘எ’ எங்கே, ‘ஆன்’ எங்கே, ‘தி’ எங்கே?

முதல் இரண்டும் ஒலியைப் பொறுத்தவை. ஆங்கில எழுத்தைப் பார்க்காதீர்கள். அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஆன்’, உயிர்மெய்யில் தொடங்கினால் ‘எ’. ‘அவர்’ என்று ஒலிக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஹெச்’ முதலெழுத்து. ஆனால் காதில் விழுவது ‘அ’. எனவே “ஆன் அவர்”. ‘யுனிவர்சிட்டி’ ஆங்கிலத்தில் ‘யு’ என்ற உயிரெழுத்தில் தொடங்கும். தமிழில் எழுதினால் ‘யு’ உயிர்மெய். எனவே “எ யுனிவர்சிட்டி”. சுருக்கங்களுக்கும் இதே கதைதான்: “எ பி.ஏ டிகிரி”, “ஆன் எம்.ஏ டிகிரி”, “ஆன் எக்ஸ்-ரே”.

ஒரு எச்சரிக்கை. ஆண்டைக் குறிக்கும் சொல்லை நாம் ‘இயர்’ என்றும், பெண்ணைக் குறிக்கும் சொல்லை ‘உமன்’ என்றும் எழுதிவிடுகிறோம். உண்மையில் முதல் சொல்லின் தொடக்கத்தில் ஒரு யகர ஒலியும், இரண்டாவதில் ஒரு வகர ஒலியும் உண்டு. அதனால் அவை “எ இயர்”, “எ உமன்” என்றே வரும்.

‘தி’ என்பது வேறு கணக்கு. எதைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரியும் என்றால் ‘தி’. நம் கதை சொல்லும் முறையே இதைக் காட்டும்: ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு…’ முதல் ‘ஒரு ராஜா’ ஆங்கிலத்தில் “எ கிங்”. அடுத்த ‘அந்த ராஜா’ “தி கிங்”.

சிக்கல் எங்கே என்றால், தமிழில் ‘அந்த’ என்று சொல்லாத பல இடங்களில் ஆங்கிலம் ‘தி’ கேட்கும். அங்கே ‘ஐ’ உருபைக் கவனியுங்கள். ‘புத்தகம் படித்தேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்றால் எது என்று இருவருக்கும் தெரிந்த புத்தகம். முன்னது “ஐ ரெட் எ புக்”, பின்னது “ஐ ரெட் தி புக்”. ‘கதவைச் சாத்து’ என்பதிலும் அதே ‘ஐ’, எனவே “ஷட் தி டோர்”. பக்கத்தில் ‘ஒரு’ இருந்தால் மட்டும் இந்த அடையாளம் செல்லாது. ஆட்களைக் குறிக்கும் பெயர்களோடும் செல்லாது, அவற்றுக்கு ‘ஐ’ எப்போதுமே வரும். எல்லா ‘தி’யையும் இது பிடித்துத் தராது, ஆனாலும் ஆர்ட்டிகிள் இல்லாத மொழி என்று தமிழைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுப் பயந்துபோன மாணவர்களுக்கு இது பெரிய தெம்பு தரும் என்பது என் அனுபவம்.

பொதுவாகப் பேசும்போது எதுவும் வேண்டாம்: “டாக்ஸ் பார்க்” (நாய்கள் குரைக்கும்), “வாட்டர் இஸ் ப்ரெஷஸ்”.

‘ஹி கோ’ என்று சொன்னால் ஏன் தவறு? அந்த ‘எஸ்’ எதற்கு?

தமிழ் வினைமுற்றைப் பாருங்கள்: வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள். யார் என்பது வினைக்குள்ளேயே இருக்கிறது. பழைய ஆங்கிலத்திலும் வினைக்கு இப்படிப்பட்ட விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து உதிர்ந்துவிட்டன. நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு வரும் ‘எஸ்’ ஒன்று மட்டும் மிச்சம். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அந்த இடத்தில் ‘எத்’ என்ற பழைய விகுதியைப் பார்க்கலாம்.

விகுதிகள் போனதால் ஆங்கிலத்துக்கு இன்னொரு கட்டாயம் வந்தது. தமிழில் ‘வந்தேன்’ என்ற ஒரு சொல்லே முழு வாக்கியம். ஆங்கிலத்தில் ‘கேம்’ என்று மட்டும் எழுத முடியாது, சப்ஜெக்ட், அதாவது எழுவாய், கண்டிப்பாக வேண்டும். மழை பெய்வதைச் சொல்லக்கூட, பொருளே இல்லாத ஒரு ‘இட்’ முன்னால் வந்து நிற்கிறது: “இட் இஸ் ரெய்னிங்”.

சப்ஜெக்டுக்கும் வெர்புக்கும் நடுவில் வேறு சொற்கள் புகுந்துகொள்ளும்போதுதான் தவறு நிறைய நடக்கும். “தி லிஸ்ட் ஆஃப் புக்ஸ் இஸ் லாங்” என்பதில் நீளமானது பட்டியல், புத்தகங்கள் அல்ல. ‘எவ்ரிஒன்’, ‘ஈச்’ இரண்டும் பலரைக் குறிப்பது போலத் தோன்றினாலும் ஒருமைதான்: “எவ்ரிஒன் ஹேஸ் எ புக்”.

“ஐ டிட் நாட் வென்ட்” தவறு என்கிறார்கள். இறந்தகாலம் என்றால் ‘வென்ட்’ தானே வர வேண்டும்?

ஆங்கிலம் காலத்தை ஒரே இடத்தில் காட்டும். ‘டிட்’ என்பதிலேயே இறந்தகாலம் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் வருவது காலம் இல்லாத வெறும் வினை: “டிட் நாட் கோ”. தமிழிலும் ‘போனேன்’ என்பதன் எதிர்மறை ‘போனேன் இல்லை’ ஆகாது, ‘போகவில்லை’ ஆகும். அந்தப் ‘போக’ என்பதில் காலம் இல்லை. இரண்டு மொழிகளும் இங்கே ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன.

டென்ஸ் பன்னிரண்டும் தெரிய வேண்டுமா?

தேர்வுக்கு வேண்டுமானால் தெரிந்துகொள்ளுங்கள். எழுதவும் பேசவும் முதலில் நான்கைந்தை உறுதியாகப் பிடித்தால் போதும் என்பேன். மொழியியல் நோக்கில் ஆங்கில வினை வடிவம் மாறுவது நிகழ்காலம், இறந்தகாலம் இரண்டுக்கு மட்டும்தான். எதிர்காலத்துக்குத் தனி வடிவம் இல்லை, ‘வில்’ போன்ற துணைவினைதான் அதைச் சுமக்கிறது. அந்த மூன்றோடு, செயல் தொடர்கிறதா, முடிந்துவிட்டதா, இரண்டுமா, இரண்டும் இல்லையா என்ற நான்கு பார்வைகளைப் பெருக்கினால் பன்னிரண்டு கிடைக்கும்.

அதிகம் தடுமாறும் இடம் ப்ரெஸன்ட் பெர்ஃபெக்ட். ‘பார்த்தேன்’, ‘பார்த்திருக்கிறேன்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ‘நான் கடலைப் பார்த்திருக்கிறேன்’ என்னும்போது எப்போது என்பது முக்கியமில்லை, அந்த அனுபவம் இன்று உங்களிடம் இருக்கிறது. அதுதான் “ஐ ஹேவ் ஸீன் தி ஸீ”. ‘நேற்று’ என்று நாளைச் சொல்லிவிட்டால் ‘நேற்று பார்த்தேன்’ என்போம். ஆங்கிலமும் அப்படியே: “ஐ ஸா இட் யெஸ்டர்டே”. நேற்றையும் ‘ஹேவ் ஸீன்’ என்பதையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கக் கூடாது.

இன்னொன்று, “ஐ ஆம் நோயிங்” என்பது. அறிதல், விரும்புதல், நம்புதல், சொந்தமாக வைத்திருத்தல் ஆகியவை செயல்கள் அல்ல, நிலைகள். நிலைக்குப் பொதுவாக ‘இங்’ சேராது. ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று நாமும் சொல்வதில்லையே.

‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ மூன்றுக்கும் தமிழில் ‘இல்’ தானே வருகிறது? எப்படிப் பிரிப்பது?

உள்ளே என்றால் ‘இன்’, மேற்பரப்பு என்றால் ‘ஆன்’, ஒரு புள்ளி போல நினைத்தால் ‘அட்’. அறையில், சுவரில், வாசலில் என்பவை முறையே இந்த மூன்றையும் எடுக்கும். காலத்துக்கும் பெரியதிலிருந்து சிறியதுக்கு இதே வரிசைதான்: மாதம், ஆண்டுக்கு ‘இன்’. கிழமை, தேதிக்கு ‘ஆன்’. கடிகார நேரத்துக்கு ‘அட்’. ‘இன் தி மார்னிங்’, ‘அட் நைட்’ போன்றவற்றை அப்படியே மனதில் பதிய வைக்க வேண்டியதுதான்.

இதோடு சேர்த்து ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் உருபை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோய் ஒட்டுவது. ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்பதன் ‘பற்றி’தான் “டிஸ்கஸ்ட் அபவுட்” ஆகிறது. ‘வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்’ என்பதன் ‘கு’தான் “ரீச்ட் டு” ஆகிறது. ‘டிஸ்கஸ்’, ‘ரீச்’, ‘ரிஸெம்பிள்’ ஆகியவை ஆப்ஜெக்டை, அதாவது செயப்படுபொருளை, நேரடியாக எடுத்துக்கொள்ளும், நடுவில் எதுவும் வேண்டாம்.

ஃப்ரேஸ், க்ளாஸ், சென்டென்ஸ்: என்ன வேறுபாடு?

இந்த க்ளாஸ் வகுப்பறையோ கண்ணாடியோ அல்ல, தனக்கென்று சப்ஜெக்டும் வெர்பும் உள்ள சொற்கூட்டம். அவை இரண்டும் சேர்ந்து அமையாத சொற்கூட்டம் ஃப்ரேஸ். தனியே நின்று பொருள் முடியும் க்ளாஸ் முதன்மை வாக்கியம், அதுவே சென்டென்ஸ் ஆகும். நிற்க முடியாமல் இன்னொன்றில் சாய்வது துணை வாக்கியம்.

தமிழ் எச்சங்களை நினைத்துக்கொண்டால் இது விளங்கிவிடும். ‘நேற்று வந்த பையன்’ என்பதில் ‘வந்த’ பெயரெச்சம். அது ஆங்கிலத்தில் “தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே” என்று விரியும். தமிழ் விளக்கத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கிறது, ஆங்கிலம் பின்னால் வைக்கிறது. ஒரு பெயரெச்சத் தொடரை எப்படி எழுதுவது என்று திகைக்கும்போது, பெயரை முதலில் எழுதிவிட்டு ‘ஹூ’ அல்லது ‘விச்’ போட்டுத் தொடருங்கள்.

துணை வாக்கியத்தை மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் அது ஃப்ராக்மென்ட். “பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்.” என்று நிறுத்துவது ‘மழை பெய்ததால்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவது போல. அடுத்து என்ன என்று படிப்பவர் காத்துக்கொண்டிருப்பார்.

மூச்சு வாங்கும் இடத்தில் கமா போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். எனக்குத் தெரிந்து கமாவைப் பற்றிய அறிவுரைகளில் அதிகம் கெடுதல் செய்தது இதுதான். ஆங்கிலக் கமா வாக்கிய அமைப்பைப் பார்த்து வருவது, மூச்சைப் பார்த்து அல்ல. சப்ஜெக்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்கும் வெர்புக்கும் நடுவில் ஒற்றைக் கமா வரக் கூடாது. “தி கேர்ள் ஹூ ஸேட் நியர் தி விண்டோ, ஸ்மைல்ட்” என்பதில் அந்தக் கமா தவறு.

வர வேண்டிய இடங்கள்: பட்டியலில் உள்ள சொற்களுக்கு நடுவே. ‘அண்ட்’, ‘பட்’, ‘ஸோ’ போன்றவை இரண்டு முழு வாக்கியங்களை இணைக்கும்போது அவற்றுக்கு முன்னால். துணை வாக்கியம் முதலில் வந்தால் அது முடிகிற இடத்தில். ஒருவரை அழைக்கும்போது அவர் பெயரைப் பிரித்துக் காட்ட. எடுத்துவிட்டாலும் பொருள் கெடாத கூடுதல் தகவலுக்கு இரு பக்கமும்.

கடைசியாகச் சொன்னதில் பொருளே மாறும். “தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஃபினிஷ்ட் எர்லி வென்ட் ஹோம்” என்று கமா இல்லாமல் எழுதினால், சீக்கிரம் முடித்தவர்கள் மட்டும் போனார்கள். ‘ஸ்டூடன்ட்ஸ்’ என்பதற்குப் பின்னும் ‘எர்லி’ என்பதற்குப் பின்னும் கமா போட்டால், மாணவர்கள் எல்லோருமே சீக்கிரம் முடித்தார்கள், எல்லோருமே போனார்கள். ஒலியில் சிறு இடைவெளிதான், எண்ணிக்கையில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டுவது கமா ஸ்ப்ளைஸ். ‘மழை வந்தது, உள்ளே போனோம்’ என்பது தமிழில் உறுத்தாது. ஆங்கிலத்தில் “இட் ரெய்ண்ட், வி வென்ட் இன்சைட்” என்றால் பிழை. முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது கமாவுக்குப் பின் ‘ஸோ’ சேருங்கள், அல்லது அரைப்புள்ளி (செமிகோலன்) போடுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு கமா என்றால் என்ன? அது கட்டாயமா?

மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றைப் பட்டியலிடும்போது கடைசி ‘அண்ட்’ அல்லது ‘ஆர்’ என்பதற்கு முன்னால் வரும் கமா. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதைப் பின்பற்றியதால் இந்தப் பெயர். கட்டாயமில்லை. அமெரிக்கப் புத்தகங்களில் பெரும்பாலும் இருக்கும், செய்தித்தாள்களில் பெரும்பாலும் இருக்காது.

ஆனால் அது இல்லாததால் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டம், சில வேலைகளுக்குக் கூடுதல் நேர ஊதியம் தர வேண்டியதில்லை என்று ஒரு பட்டியல் போட்டிருந்தது. அதன் கடைசிப் பகுதி “பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்” என்று இருந்தது. ‘ஷிப்மென்ட்’ என்பதற்குப் பின் கமா இல்லை. ‘அப்படியானால் ஷிப்மென்டுக்கோ டிஸ்ட்ரிபியூஷனுக்கோ மூட்டை கட்டும் வேலை மட்டும்தான் விலக்கு, நாங்கள் மூட்டை கட்டுவதில்லை, கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்’ என்று ஒரு பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் வாதாடினார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அதற்குள் சட்டத்தையும் திருத்தி, பட்டியலில் கமாக்களுக்குப் பதில் அரைப்புள்ளிகள் போட்டுவிட்டார்கள்.

நீங்கள் போடுவதாக இருந்தால் கட்டுரை முழுவதும் போடுங்கள். நான் போடுவேன்.

செமிகோலன், கோலன்: எப்போது எது?

தமிழ்ப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுமை என்று நிறுத்தத்தின் அளவை அப்படியே பெயராக வைத்திருக்கிறோம். பழைய ஓலைச்சுவடிகளில் இந்தக் குறிகள் இல்லை, அச்சோடு ஐரோப்பாவிலிருந்து வந்தவை. ஆங்கிலப் பெயர்களோ கிரேக்கம்: ‘கமா’ என்றால் வெட்டிய துண்டு, ‘கோலன்’ என்றால் உறுப்பு. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாண்ட்ரியா நூலகத் தலைவராக இருந்த அரிஸ்டோஃபனீஸ், வாய்விட்டுப் படிப்பவர்களுக்காக மூன்று உயரங்களில் புள்ளி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த வாக்கியப் பகுதிகளின் பெயர்கள்தான் பின்னால் குறிகளுக்கே பெயராயின.

இன்றைய பயன்பாடு எளிது. பொருளால் நெருங்கிய இரண்டு முழு வாக்கியங்களை இணைப்புச்சொல் இல்லாமல் சேர்க்க அரைப்புள்ளி. இரு பக்கமும் தனியே நிற்க முடிய வேண்டும், அதுதான் சோதனை. பட்டியலின் உறுப்புகளுக்குள்ளேயே கமா இருந்தால் அவற்றைப் பிரிக்கவும் அரைப்புள்ளி உதவும். முக்காற்புள்ளி, அதாவது கோலன், ‘இதோ வருகிறது’ என்று கைகாட்டும் குறி. அதற்கு இடப்பக்கம் முழு வாக்கியம் இருக்க வேண்டும். “தி கலர்ஸ் ஆர்:” என்று பாதியில் வெட்டிக் கோலன் போடக் கூடாது.

‘இட்ஸ்’ என்பதில் அப்போஸ்ட்ரஃபி போடுவதா, வேண்டாமா?

‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரித்துப் பாருங்கள். விரிந்தால் அப்போஸ்ட்ரஃபி (எழுத்துக்கு மேல் பக்கத்தில் வரும் கொக்கிக் குறி) உண்டு. ‘அதனுடைய’ என்ற பொருள் வந்தால் இல்லை. உடைமைக்கு அப்போஸ்ட்ரஃபி வரும் என்று படித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ‘ஹிஸ்’, ‘ஹெர்ஸ்’, ‘அவர்ஸ்’, ‘யுவர்ஸ்’ எதற்குமே அப்போஸ்ட்ரஃபி இல்லை, இதுவும் அந்தக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ச்சொற்களுக்கு ‘உடைய’ சோதனை. உடையவர் யார் என்பதை முதலில் முழுதாக எழுதுங்கள், அப்புறம் குறி. ஒரு பையனுடைய புத்தகங்கள் என்றால் ‘பாய்’ எழுதி, குறி போட்டு, ‘எஸ்’ சேருங்கள். பையன்களுடைய புத்தகங்கள் என்றால் ‘பாய்ஸ்’ என்பதே உடையவர், அதை எழுதிக் கடைசியில் குறி மட்டும். ‘சில்ட்ரன்’ ஏற்கெனவே பன்மை, ஆனால் ‘எஸ்’ இல்லாத பன்மை, எனவே குறி, பிறகு ‘எஸ்’. மூன்றையும் வாயால் சொல்லும்போது குறி கேட்காது, கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்களும் இதில் சறுக்குகிறார்கள்.

வெறும் பன்மைக்கு அப்போஸ்ட்ரஃபி கிடையாது.

பெரிய எழுத்து எங்கெல்லாம்?

வாக்கியத்தின் முதல் எழுத்து, ஆட்கள், இடங்கள், மொழிகள், கிழமைகள், மாதங்கள், அப்புறம் ‘நான்’ என்ற ‘ஐ’. பருவங்களுக்கு வேண்டாம். பாடப் பெயர்களில் ‘மேத்ஸ்’ சிறிய எழுத்து, ‘இங்கிலீஷ்’ பெரிய எழுத்து, ஏனென்றால் அது மொழியின் பெயர்.

பாஸிவ் வாய்ஸைத் தவிர்க்க வேண்டும் என்கிறார்களே?

‘பாலம் கட்டப்பட்டது’ என்ற செயப்பாட்டுவினைதான் பாஸிவ்: “தி பிரிட்ஜ் வாஸ் பில்ட்”. செய்தவர் யார் என்று தெரியாதபோதும், அது முக்கியமில்லாதபோதும் அதுவே பொருத்தம். ஆய்வுக் குறிப்புகளில் ‘கரைசல் சூடாக்கப்பட்டது’ என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. யார் பொறுப்பு என்பதைப் படிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

எல்லா வினையும் பாஸிவ் ஆகாது. “தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்” தவறு. தமிழில் ‘விபத்து நடக்கப்பட்டது’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே மறுத்துவிடும். செயப்படுபொருள் குன்றிய வினைக்குச் செயப்பாட்டுவினை இல்லை, ஆங்கிலத்திலும் அப்படியே.

‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைஸஸ்’ ஏன் தவறு?

ஆங்கிலம் அவற்றைத் தண்ணீர், மணல் போல எண்ண முடியாதவையாகப் பார்க்கிறது. ‘ஃபர்னிச்சர்’, ‘ஹோம்ஒர்க்’, ‘எக்விப்மென்ட்’, ‘லக்கேஜ்’ எல்லாம் அப்படியே. எண்ண வேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப்’ சேருங்கள்.

ப்ரெப்போசிஷனில் வாக்கியத்தை முடிக்கக் கூடாதா? ‘அண்ட்’ என்று தொடங்கக் கூடாதா?

இரண்டையும் செய்யலாம். ப்ரெப்போசிஷனில் முடிப்பதைக் குறை சொல்லி 1672-இல் எழுதியவர் கவிஞர் ஜான் டிரைடன். லத்தீனில் அப்படி முடிக்க இயலாது. லத்தீனை உயர்ந்த முன்மாதிரியாக வைத்த காலத்தில் அந்தக் கருத்து விதியாக உறைந்துவிட்டது. “வாட் ஆர் யு லுக்கிங் அட்?” என்பது நல்ல ஆங்கிலம். பிரெஞ்சுக்கு 1635 முதல் ஓர் அகாடமி இருக்கிறது, ஆங்கிலத்துக்கு அப்படி எந்த அமைப்பும் இல்லை. நன்றாக எழுதுகிறவர்களின் வழக்கைத்தான் அகராதிகளும் இலக்கண நூல்களும் பதிவு செய்கின்றன. இருந்தாலும் உங்கள் ஆசிரியர் தேர்வில் இவற்றைத் தவறு என்று கருதினால், அந்தத் தாளில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

டாபிக் சென்டென்ஸ், தீசிஸ், ட்ராஃப்ட், ரிவிஷன், எடிட்டிங், ப்ரூஃப்ரீடிங்: எல்லாம் ஒன்று போலவே இருக்கிறதே?

தீசிஸ் என்பது கட்டுரை முழுவதும் நிறுவப் போகும் ஒரே கருத்து. அதை ஒருவர் மறுத்துப் பேச முடிய வேண்டும். ‘இந்தக் கட்டுரை மரங்களைப் பற்றியது’ என்றால் அது தலைப்புதான். ‘நகரங்களில் புதிய மரங்களை நடுவதைவிடப் பழைய மரங்களைக் காப்பது பயன் தரும்’ என்றால் தீசிஸ். ஒரு பத்திக்கு அதே வேலையைச் செய்வது டாபிக் சென்டென்ஸ்.

ட்ராஃப்ட் என்பது முதல் வரைவு. அதில் பிழை பார்க்காதீர்கள், எழுதி முடியுங்கள். ரிவிஷன் என்றால் மறுபடி பார்ப்பது: வாதம் நிற்கிறதா, பத்திகளின் வரிசை சரியா, எதை வெட்டலாம் என்று பெரிய விஷயங்கள். எடிட்டிங் வாக்கியத்தைச் செதுக்குவது. ப்ரூஃப்ரீடிங் கடைசி: எழுத்துப்பிழை, விடுபட்ட கமா. பல மாணவர்கள் முதலிலேயே கமாவைத் திருத்தத் தொடங்குகிறார்கள். அரை மணி நேரம் செதுக்கிய பத்தியை அப்புறம் வெட்ட மனம் வருவதில்லை. அதனால்தான் இந்த வரிசையை வலியுறுத்துகிறேன்.

ப்ரூஃப்ரீடிங்குக்கு ஒரு வழி: கடைசி வாக்கியத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் படியுங்கள். கதை ஓடாததால் மனம் தானாக நிரப்பிக்கொள்ளாது, பிழை கண்ணில் படும்.

ஸிமிலி, மெட்டஃபர்?

உவமையும் உருவகமும். ‘போல’ என்ற உவம உருபின் வேலையை ‘லைக்’, ‘ஆஸ்’ செய்கின்றன. மலர் போன்ற முகம் ஸிமிலி, முகமாகிய மலர் மெட்டஃபர்.

இந்தப் பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்தால்தான் ஆங்கிலம் வருமா?

இல்லை. அகராதியைப் பயன்படுத்தவும், உங்கள் தாளில் ஆசிரியர் எழுதும் திருத்தம் புரியவும் எவை வேண்டுமோ அவை போதும்: சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், எண்ண முடிந்த பெயர், முடியாத பெயர், ஆப்ஜெக்ட் கேட்கும் வினை, கேட்காத வினை, டென்ஸ், க்ளாஸ். மற்றவை பழகப் பழக வரும்.

அதைவிடப் பயன் தருவது ஒரு நோட்டு. திருத்தம் வந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம், அதை எழுதும்போது மனதில் எந்தத் தமிழ் வாக்கியம் ஓடியது என்று எழுதுங்கள். “டிஸ்கஸ்ட் அபவுட்” என்பதற்கு எதிரே ‘பற்றிப் பேசினோம்’ என்று இருக்கும். அதன் கீழே கோடு போடுங்கள். அதே கோடு மூன்று முறை வந்தால் அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.